தைக்கக் கொடுத்த சட்டை

தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முதல் மணி அடித்தபோது காளியம்மா புருஷனின் சட்டையில் மூன்றாவது பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அர்ச்சுனன் கண்ணைத் திறந்தான்.

"என்னா?"

"கை கிழிஞ்சிருக்கு. தெச்சுத் தாரேன்."

அவன் வலது கையைத் தூக்கினான். பாதிதான் தூக்க முடிந்தது. மீதியை அவள் தூக்கினாள். இடது கைக்கு அவனைப் புரட்ட வேண்டியிருந்தது. முனகினான். தையல் விட்டுவிடாமல் மெதுவாக உருவினாள்.

சட்டையில் கிழிசல் எதுவும் இல்லை. கல்யாணத்துக்குப் பாலோ டவுன் கடையில் எடுத்த முழுக்கைச் சட்டை. காலர் நைந்த வருஷம் அதைப் பிரித்துத் திருப்பித் தைத்தாள். முழங்கை போன வருஷம் கீழ்ப்பக்கம் ஒரு சாண் வெட்டி ஒட்டுப் போட்டாள். அவன் வேலை விட்டு வந்ததும் கழற்றச் சொல்வாள். உள்பக்கத்தைத் திருப்பி நிழலில் காயப்போடுவாள்.

"நீ தாலி வாங்கிக்கிட்டது எங்கிட்டயா, இந்தச் சட்டைகிட்டயா?" என்பான் அவன்.

போன மாதம் பக்கத்து வீட்டு மணியம் இதே காய்ச்சலில் செத்தான். உயிர் போகும்போது உடம்பில் இருந்த துணி வீட்டில் தங்கக் கூடாது என்றார்கள். நல்ல சட்டை. குழிக்குப் போய்விட்டது. அவன் பெண்டாட்டி வெறும் ரவிக்கையோடு ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுக்கிறாள். கையெல்லாம் கொசுக்கடி, சீழ். மற்றப் பெண்கள் புருஷனின் பழஞ்சட்டையை மேலே போட்டுக்கொள்வார்கள். காளியம்மா போட்டிருந்தது போன மழைக்காலத்தோடு இற்றுப்போயிருந்தது.

அவன்மேல் சாக்கைப் போர்த்தினாள்.

"குளிருது காளி."

"கொஞ்ச நேரந்தான்."

கங்காணி வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"முடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"நேத்தும் இதத்தான் சொன்ன. முடிஞ்சா லீவு. முடியலன்னா பெரட்டு. ஆளக் கொறச்சு ஊருக்குக் கப்பலேத்தி அனுப்பப் பேரு கேக்குறாரு தொர. உம் பேரக் குடுக்கவா?"

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது.

"வர்றேங்க."

கதவுக்குப் பின்னால் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். உள்ளே அவன் காய்ச்சலின் சூடு இன்னும் இருந்தது. எதிர்வீட்டுச் செல்லம் நிறைமாதக்காரி, வேலைக்குப் போவதில்லை. அவனைப் பார்த்துக்கொள்ளும்படி அவளிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

அன்று அவளை ஒரு கொசுவும் கடிக்கவில்லை.

ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். வழிவிட்டார்கள். அர்ச்சுனனின் தாடையைக் கட்டியிருந்தார்கள். சாக்கு இடுப்புவரை நழுவிக் கிடந்தது. நெஞ்செலும்புகள் தெரிந்தன.

"வந்து தொட்டு அழு, புள்ள" என்றார் ஒரு கிழவர்.

காளியம்மா நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள். தொட்டால் சட்டைக்கும் தீட்டு. அங்கிருந்தே அழுதாள்.

செல்லம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளருகில் வந்து உட்கார்ந்தாள்.

"தெச்சிட்டாளா, தெச்சிட்டாளான்னு கடைசி வரைக்கும் அண்ணன் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

காளியம்மாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தோளிலிருந்து மணிக்கட்டுவரை சட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"எங்க கிழிஞ்சிருந்துச்சு, அண்ணி?"