பன்னிரண்டு வயதுக்கு மேல்

எங்கள் மரண்டூன் ஊரில், பிள்ளைகள் எந்த வயதில் கதைப்பாட்டுச் சொல்லலாம் என்று முடிவு செய்ய ஒரு குழு இருக்கிறது. மூன்று பேர். மூவரின் வயதையும் கூட்டினால் இருநூற்றுப் பத்து வரும். மூவரும் சேர்ந்து படித்த பாட்டு ஒன்று, அதுவும் மூன்றில் ஒரு பங்கு. நான் மேவிஸ். ஊர் மண்டபத்தைப் பெருக்கி, கூட்டம் நடந்தால் டீ போட்டு, கோப்பை கழுவுகிறவள். அதனால் எல்லாக் கூத்தையும் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு உண்டு.

அந்த ஒரு பாட்டு எங்கள் ஊரின் பெருமை. அக்கரையில் காய்ச்சலாகக் கிடந்த குழந்தைக்கு மருந்து எடுத்துக்கொண்டு, வெள்ளத்தில் குதிரையோடு இறங்கியவனின் கதை. முப்பத்தொரு கண்ணி. முதல் பத்தைப் பாத்திரம் துடைக்கிற துணியில் அச்சடித்து வருடா வருடம் கண்காட்சியில் விற்கிறார்கள். பத்தாம் கண்ணியில், நடு ஆற்றில் நீந்துகிறவன் தூரத்தில் ஒரு விளக்கைப் பார்க்கிறான். அதோடு துணி தீர்ந்துவிடும். ஊருக்கும் பாட்டு தீர்ந்துவிடும்.

கலைப்போட்டியில் இதைச் சொல்லப் பன்னிரண்டு வயது முடிந்திருக்க வேண்டும் என்பது குழுவின் சட்டம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குத் தவளைப் பாட்டு, முயல் பாட்டு. பால்பண்ணைக்கார டிரான்டரின் மகள் ஹேசலுக்குப் பத்து வயது. பள்ளி நூலகம் கழித்துப்போட்ட பெட்டியில் பழைய புத்தகத்தைக் கண்டெடுத்து, கறவைக் கொட்டகையில் மாடுகளிடம் சொல்லிச் சொல்லியே முப்பத்தொன்றையும் மனப்பாடம் செய்துவிட்டாள். மேடையேறி முழுசாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அவள் அம்மா எழுதிக் கேட்டாள். குழுவும் பெரிய மனது பண்ணி, பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டதா என்று பார்க்க வரச் சொன்னது.

தலைவி லொரெய்ன் பாஸ்கோ குனிந்து, கொஞ்சும் குரலில் கேட்டாள்.

"செல்லம், குதிரை தடுமாறுற இடத்துல உன் மனசுக்கு என்ன தோணிச்சு?"

"சேணத்தைக் கழட்டிட்டு இறங்கியிருக்கணும்னு தோணிச்சு. எங்கப்பா சேணத்தோட ஆத்துல இறங்க விடமாட்டாரு."

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் டெஸ்மண்ட் எதையோ எழுதினார். டீ ஊற்றும் சாக்கில் எட்டிப் பார்த்தேன். 'உணர்ச்சி போதாது.'

"பயமா இல்லையாம்மா?" என்றாள் லொரெய்ன்.

"போன வெள்ளத்துல எங்க மாடு பதினாலு போச்சு. அது பயமா இருந்துச்சு. இது பாட்டுதான."

'கற்பனை போதாது' என்று அதற்கும் ஒரு வரி விழுந்தது. மூன்றாம் உறுப்பினர் வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு ஹேசல் சொல்ல ஆரம்பித்தாள். கையை ஆட்டவில்லை, கண்ணை உருட்டவில்லை, பால்வண்டி வந்த சேதி சொல்கிற மாதிரிச் சொன்னாள். பத்தாம் கண்ணி முடிந்ததும் லொரெய்ன் கை தட்டினாள். ஹேசல் நிறுத்தவில்லை. குதிரையை ஆறு இழுத்துக்கொண்டு போனது. அவனும் போனான். அக்கரையில் குழந்தை ஏற்கெனவே இறந்திருந்தது; அந்த விளக்கு குழி தோண்டுவதற்கு வைத்தது. விடிந்ததும் மருந்துப் புட்டி மட்டும், உடையாமல், குழிக்குப் பக்கத்தில் கரை ஒதுங்கியது. கையிலிருந்த கோப்பையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

"பாவம், சின்னப் பிள்ளைங்கல்ல," என்றாள் லொரெய்ன். "தானா ஏதாவது சேர்த்துக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவ சேர்க்கல லொரெய்ன். பாட்டே அப்படித்தான். அந்தா, புத்தகம் கையிலயே வச்சிருக்கா பாருங்க."

"மேவிஸ், எங்க வீட்டுல அந்தத் துணி மூணு இருக்கு. பாட்டு எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியாதா? டீ ஆறுது, குடுங்க."

டெஸ்மண்ட் புத்தகத்தை வாங்கி, நாற்றமடிக்கிறது என்பதுபோல் இரண்டு விரலால் புரட்டினார். "பழைய அச்சு. பிழை இருக்கும்." மூடிக் கொடுத்துவிட்டார்.

தீர்ப்பு: பக்குவம் போதாது, மூலத்தை மாற்றிச் சொல்கிறாள், இரண்டு வருடம் கழித்து வரலாம். கொட்டகை மாடுகளாவது கடைசிவரை நின்று கேட்டன. இந்த மூன்று மேதைகளும் நுனிப்புல் மேய்ந்துவிட்டுப் பக்குவம் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். ஹேசல் அழவில்லை. புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

போட்டி நாளில் ஹேசல் தவளைப் பாட்டுச் சொல்லி மூன்றாம் பரிசு வாங்கினாள். பிறகு சமையலறைக்கு வந்து, நான் கழுவிக் கொடுத்த கோப்பைகளைத் துடைத்தாள். துடைத்த துணியில் அதே பத்துக் கண்ணிகள். மேடையில் பதினாலு வயதுப் பெண்ணொருத்தி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். முடிவில் நெற்றிக்கு மேல் கை வைத்து, தொலைவில் விளக்கைப் பார்ப்பதாகப் பாவனை காட்டி, புன்னகை செய்தாள். மண்டபமே எழுந்து நின்று தட்டியது. லொரெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஹேசல் வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள். "மேவிஸ், எதுக்குக் கை தட்டுறாங்க?"

"நல்லா முடிச்சுச்சாம் அந்தப் பொண்ணு."

அவள் கையிலிருந்த துணியை ஒரு தடவை பார்த்தாள்.

"ஆனா குதிரைக்காரன் இன்னும் தண்ணிக்குள்ளதான இருக்கான்."