காலிக் கட்டங்கள்

கிருமித் தொற்று முற்றி உடம்பின் உறுப்புகளே தடுமாறும் நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். காய்ச்சலோடு வரும் குழந்தைகளில் யாருக்கு அது இருக்கிறது என்று கண்டுபிடிக்க எங்கள் குழு ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தது. மூச்சு, ரத்த அழுத்தம், ரத்தம் உறைவது, நினைவு என்று நான்கு கட்டங்கள்; மதிப்பெண் ஏற ஏற ஆபத்து. வங்கதேசத்து மைமன்சிங்கில் எங்கள் மருத்துவமனையின் மூவாயிரம் பழைய கேஸ் ஷீட்டுகளில் அதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. துணைக்கு மொமேனா அக்கா. இருபத்திரண்டு வருஷம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, முட்டிவலியால் ரெக்கார்டு அறைக்கு வந்தவர்.

மூன்றாம் வாரம் ஒரு தாளோடு என் மேஜை முன் நின்றார்.

"ரெஹ்னுமா, இந்தப் புள்ளைக்கு நாம எத்தனை போட்டிருக்கோம்?"

"பூஜ்யம்."

"மறுநாளே செத்துப்போச்சு."

ரத்த அழுத்தக் கட்டம் காலியாக இருந்தது. காலி என்றால் சரியாக இருந்ததாக வைத்துக்கொள்வது எங்கள் விதி. அதைச் சொன்னேன்.

"எழுதலேன்னா நல்லா இருந்துச்சுன்னு அர்த்தமா? கைக்குழந்தைக்குப் பி.பி. பாக்குற சின்னப் பட்டை வார்டுல ஒண்ணுதான், அதுவும் ஓட்டை. எழுதாம விட்டவ நான்தான். இதோ என் கையெழுத்து." குரல் உயரவில்லை. "ஓரத்துல பாரு, 'கை கால் சில்'னு எழுதியிருக்கேன். அதுக்கு உங்க முறையில கட்டமே இல்ல."

"இப்பப் போய்ச் சொன்னா ஆறு மாச வேலை வீணாயிடும்க்கா."

"ஆகட்டுமே. என்ன அவசரம்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை வரச்சொல்லிட்டா உக்காந்திருக்கே?"

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இருவரும் தாள்களை மறுபடி பிரித்தோம். பூஜ்யம் வாங்கி இறந்த குழந்தைகள் எழுபத்தொன்பது. அதில் ஐம்பத்தாறு பேருக்கு ஒரு கட்டமாவது காலி.

எங்கள் குழுவின் தலைவர் பேராசிரியர் இம்தாதுல் அந்தப் பட்டியலை இரண்டு முறை படித்தார். எரிந்து விழுவார் என்று நினைத்தேன். "அந்தம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அக்கா அவர் முன்னால் உட்கார்ந்து, எந்தக் கட்டம் ஏன் காலியானது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. காலிக் கட்டத்தை இனி சரி என்று எண்ணாமல் காலி என்றே வைத்தோம். கை கால் குளிர்ச்சியும், விரல் நுனியை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப ஆகும் நேரமும் முறைக்குள் வந்தன. ஒரு வருஷம் தாமதம். ஆனால் கருவி இல்லாத சிறிய ஆஸ்பத்திரிகளிலும் அது நம்பும்படி வேலை செய்தது.

சென்ற ஆவணியில் பக்கத்து நேத்ரகோனாவின் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு பெண்குழந்தையை அந்த மதிப்பெண்ணைப் பார்த்து உடனே எங்களிடம் அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் அக்காவுக்குப் போன் செய்து, குழந்தை தேறிவிட்டது என்றேன்.

"பால் குடிக்குதா?"

"குடிக்குதுக்கா."

"அப்பச் சரி" என்று வைத்துவிட்டார்.