பழனியப்பனின் சாட்சி

மதியச் சங்கு ஊதும்வரை பிலோமினா கோலாலம்பூரை அடுத்த செந்தூல் கொதிகலன் பட்டறை வாசலில் காத்திருந்தாள். உள்ளே ரிவெட் அடிக்கும் சத்தத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை. விரலை நீட்டினால் சுத்தியல் கைமாறும். உள்ளங்கையைக் காட்டினால் அடி நிற்கும். செவிடன் யாரென்று அங்கே எவருக்கும் தெரியாது.

பழனியப்பன் வெளியே வந்ததும் அவன் முகத்துக்கு நேரே நின்றாள்.

"பென்ஷனுக்கு எழுதினோமில்ல, அவருக்குக் காது செத்துப்போச்சுன்னு கிள்ளான் டாக்டர் சர்டிபிகேட் குடுத்துட்டாருண்ணே. ஆனா சண்டையிலதான் போச்சுன்னு பக்கத்துல நின்ன ஆளு வந்து சொல்லணுமாம். வெள்ளிக்கிழமை விசாரணை."

அவள் கணவன் செபாஸ்டியனும் பழனியப்பனும் உலகச் சண்டையின்போது பஸ்ராவில் பட்டாளத்துக்குத் தண்டவாளம் போட்டவர்கள். வெடிமருந்து வண்டியொன்று வெடித்ததில் இருவர் காதும் போயிற்று. திரும்பி வந்தபின், இன்ஜின் ஊதுவது கேட்காமல் செபாஸ்டியன் ரயில்வே வேலையை இழந்தான். பழனியப்பன் செவிட்டை மறைத்துப் பட்டறையில் சேர்ந்துகொண்டான்.

"நானும் நின்னேன்னு சொன்னா என் காதையும் சோதிப்பானே, தங்கச்சி."

"தெரியும்ணே. மத்தவங்கதான் அங்கேயே மண்ணாயிட்டாங்களே."

பழனியப்பன் எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்தான். "'ஓடுடா எருமை'ன்னு உம் புருசன்தான் கத்தினான். நான் காதால கேட்ட கடைசிப் பேச்சு அது." சிரித்தான். "வரேன், போ."

வெள்ளிக்கிழமை கோலாலம்பூரில், மொழிபெயர்க்கும் துபாஷியின் வாயைப் பார்த்தபடி அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். தன் பட்டறை வேலை, வண்டி நின்ற இடம், அவரவர் விழுந்த பக்கம், செபாஸ்டியன் காதில் வடிந்த ரத்தம். பிறகு விசாரணை நடத்திய துரை தாளிலிருந்து தலை நிமிராமல், தானே தமிழில் ஏதோ கேட்டார். பதில் வரவில்லை. மறுபடி கேட்டார். பழனியப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செபாஸ்டியனைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தான்.

துபாஷி பிலோமினாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்துவந்தார்.

"ரெண்டு பேருக்கும் அதே வெடி, அதே செவிடு. இவன் நல்லாத்தானே வேலை செய்யறான், உன் புருசனுக்கு மட்டும் என்ன கேடுன்னு துரை கேக்கறார். பென்ஷன் இல்லம்மா."

"பழனி அண்ணன்?"

"செவிடனைப் பட்டறையில வெச்சிருக்கறது ஆபத்துன்னு அங்க கடுதாசி போவுது. இனிமே அந்த வேலை இருக்காது."

கதவு திறந்தது. செபாஸ்டியன் தோளில் கை போட்டபடி பழனியப்பன் வந்தான். விசாரணைக்காக இஸ்திரி போட்ட சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

"ரத்தம் வந்ததக்கூட விடாம சொல்லிட்டேன் தங்கச்சி. துரையே தலைய ஆட்டினாரு. எந்த மாசத்துலேர்ந்து தராங்களாம்?"

இரண்டு ஆண்களும் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.