முண்டியம்பாக்கத்துக்கு மேலே எலிசா

"கதவ மூடிட்டாங்க. போனை ஆஃப் பண்றேன்" என்று பெங்களூரிலிருந்து என் தங்கை எலிசா செய்தி அனுப்பியபோது மணி நாலு. கால் முறிந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவைப் பார்க்க, முதல்முறையாக விமானம் ஏறியிருந்தாள். புதுச்சேரியில் இறங்குமுன் அது இந்தப் பக்கமாகத்தான் வரும். அதை ஒருதரம் பார்த்தே ஆகவேண்டும் என்று அப்பா காலையிலிருந்து ஒரே பிடிவாதம்.

நர்ஸ் பானுப்ரியா சக்கர நாற்காலி கொடுத்தார். "பத்தே நிமிஷம். அஞ்சு மணிக்கு டாக்டர் வந்துடுவாரு."

என் கணவர் அந்தோணி பிரபு கணக்குப் போட்டார். "எரநூத்தி எழுவது கிலோமீட்டர். மணிக்கு ஐநூறு போவுது. அரை மணிதான். ஜல்தி வாங்க மாமா!" நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் நாலரைக்கே அப்பாவை வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

வானத்தில் ஒரு பருந்துதான் சுற்றியது. பத்து நிமிடம் தீர்ந்தது.

"அவ்ளோதான், உள்ள வாங்க" என்றார் பானுப்ரியா.

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. "போயிடுச்சாம்மா?"

"போவலப்பா, இனிமேதான்!" என்று நான் நர்ஸ் பக்கம் திரும்பினேன். "சிஸ்டர், உங்க ஊரு திண்டிவனம்தானே? விழுப்புரத்துல ஏறினா நாப்பது கிலோமீட்டர்கூட இல்ல. பைபாஸ்ல பஸ்சு எம்பதுல போவுது. அரை மணியில வூட்டுக்குப் போயிடுறீங்களா?"

"எங்க? ஸ்டேண்டை வுட்டு வெளிய வரவே காமணி ஆவுது."

"ஃப்ளைட்டும் அப்படித்தான். கதவ மூடினதும் பறந்துடாது. ரன்வே வரைக்கும் ஊர்ந்து போவணும், அதோட முறை வரணும். ஏறும்போதும் மெதுவு, எறங்கும்போதும் மெதுவு. ஐநூறுல்லாம் நடுவுல கொஞ்ச நேரம்தான். அதனாலதான் டிக்கெட்ல ஒரு மணி நேரம்னு போட்டிருக்கான். எறங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது இங்க வரும். இன்னும் பத்து நிமிஷம் குடுங்க!"

பானுப்ரியா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவரே நாற்காலியை மரத்தடியிலிருந்து வெட்டவெளிக்கு இழுத்தார். "வரலேன்னா உங்க வீட்டுக்காரரைத்தான் டாக்டர் முன்னாடி நிறுத்துவேன்."

சற்று நேரத்தில் மேற்கே இரைச்சல் கேட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் கழுத்தை நீட்டினார்கள். ஒன்றும் இல்லை.

"சத்தம் வர்ற எடத்துல தேடாதீங்க! அது நம்ம காதுக்கு வந்து சேர்றதுக்குள்ள விமானம் முன்னாடி போயிருக்கும். இன்னும் கெழக்கால பாருங்க!" என்றேன் நான்.

"தோ! தோ போறா பாரு எம் பொண்ணு!"

அப்பாதான் முதலில் கண்டார். வடக்கு வானில் இரண்டு விசிறிகள் சுழல, வெள்ளை விமானம் தாழ்ந்து போய்க்கொண்டிருந்தது. அப்பா தோள் துண்டை உருவிச் சுழற்றினார். திரும்பிப் பார்த்தால் பானுப்ரியாவும் கையாட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் வருவதற்குள் அப்பாவைக் கட்டிலில் சேர்த்துவிட்டோம். அவர் போன பிறகு எலிசா கூப்பிட்டாள். "அக்கா, எனக்கு இடது பக்க ஜன்னல். திண்டிவனம் மொத்தமும் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரி வலது பக்கம் போயிடுச்சு. அப்பாவப் பாக்கவே முடியல."

அப்பா போனைப் பிடுங்கினார். "நீ பாக்காட்டி இன்னாடி? நான் பாத்துட்டேன்!"

"போறப்ப வலது பக்கம் கேளு எலிசா!" என்று என் கணவர் குறுக்கே கத்தினார்.

"அய்யோ, இடதுதாங்க! திரும்பிப் போறப்ப அதுதானே இந்தப் பக்கம் வரும்?" என்று அவரைத் திருத்தினேன்.

"எந்தப் பக்கமா இருந்தாலும் சரி" என்றார் அப்பா, துண்டை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டே. "போற தேதிய மட்டும் முன்னாடியே சொல்லிடு. எழுந்து நின்னே ஆட்டுறேன்."