அறுபது டிகிரிக்கு முன் ஆமென்

23 ஏப்ரல் 2006, ஞாயிறு

இன்று காலை கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காயையும் நறுக்கிவிட்டேன். பச்சைக் கோழியில் இருக்கும் கிருமி சமைத்தால் செத்துவிடும், பச்சையாகத் தின்னும் காய்க்கு ஏறினால் நேராக வயிற்றுக்குப் போகும் என்று கேட்டரிங் மாலை வகுப்பில் நீலா மேடம் சொன்னதைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். நறுக்கிய அத்தனையையும் குப்பையில் கொட்டினேன். கையையும் கத்தியையும் சோப்பு போட்டுக் கழுவி, பலகையைத் தேய்த்து வெந்நீர் ஊற்றி, வெங்காயத்தை மட்டும் வைத்துப் பச்சடியை முடித்தேன்.

"வெள்ளரிக்கா என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று சர்ச் சமையலறைக்குள் எட்டிப்பார்த்த ஆக்னஸ் ஆண்ட்டி கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல ஆண்ட்டி. கோழியோட சேர்ந்துச்சு."

"சேர்க்கை சரியில்லங்கிறே."

பகலில் நாச்சாரத்தில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் கணக்கு எழுதுகிற என்னை நம்பி, செகந்திராபாத் தமிழ்ச் சபையின் பாடகர் குழு முழுவதும் இன்று மதியம் வயிற்றை ஒப்படைத்திருந்தது. சாயங்காலம் பாட்டுப் போட்டி. போன வருடப் போட்டிக்கு, முந்தின இரவே செய்த முட்டை மயோனைஸ் சாண்ட்விச்சை வேனில் வெயிலில் வைத்திருந்து தின்றார்கள். நான்காவது சரணத்தில் டெனர் என்கிற ஆண்களின் மேல்குரல் பாடும் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக மேடையிலிருந்து இறங்கி ஓடினார்கள். நடுவர் குறிப்பில், 'டெனர் குரல் படிப்படியாகத் தேய்ந்து மறைந்தது புதுமையான முயற்சி' என்று எழுதியிருந்தது.

குழுவை நடத்தும் எட்வர்ட் மாமா அதற்குச் சிரிக்கவில்லை. "இந்த வருஷமும் ஒருத்தன் ஓடினான்னா பாட்டு நோட்டைப் பாஸ்டர் கையில குடுத்துட்டு வீட்ல உக்காந்துருவேன் ஜோசியா," என்று என்னிடம் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர். அந்தப் பதற்றத்தில்தான் காலையில் பலகையைக் கவனிக்காமல் விட்டேன்.

ஆராதனை முடிவதற்குள் கோழிப் புலாவ் தயார். பெருமையாக மூடியைப் போட்ட அந்த நிமிடம் சிலிண்டர் தீர்ந்தது. இனி சூடாக்க வழியில்லை. தெர்மாமீட்டரைச் சோற்றுக்குள் சொருகினேன். எழுபத்தாறு. அறுபதுக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருக ஆரம்பிக்கும். இந்த வெயிலில் அதன்பிறகு ஒரு மணி நேரம்தான் கெடு. சோற்றில் வரும் ஒரு கிருமி விடுகிற விஷம், அப்புறம் எவ்வளவு சூடாக்கினாலும் போகாது.

"மாமா, உடனே பரிமாறிடலாம்," என்றேன்.

"நக்கோ நக்கோ, வேணாம்!" என்று ஆக்னஸ் ஆண்ட்டி குறுக்கே வந்தார். அவர் மகனுக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்ததற்கான ஸ்தோத்திர விருந்து இது, செலவு அவருடையது. "பாஸ்டர் வந்து கம்பெனி பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாம ஒரு பருக்கை நகராது."

பாஸ்டர் செல்லப்பா இன்று ஜீடிமெட்லா சபையில் ஆராதனை முடித்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். எட்வர்ட் மாமா போன் செய்தார். பேகம்பேட் விமான நிலையத்துக்கு முன்னால் யாரோ விஐபி வருவதாக ரோட்டையே மறித்துவிட்டார்களாம். முள் அறுபத்தெட்டு காட்டியது. போனில் பாஸ்டரின் குரல் பக்கத்தில் நிற்கிற மாதிரிக் கணீரென்று கேட்டது. எனக்கு ஒன்று தோன்றியது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவதற்குள் அறுபத்தேழாகிவிட்டது.

"பாஸ்டர் அங்க இருந்தே ஜெபம் பண்ணட்டுமே மாமா. ஸ்பீக்கரைப் போட்டு மைக்குல பிடிச்சிரலாம்."

என் சித்தி மகள் பிளெசிதான் முதலில் சிரித்தாள். "சூப்பர் அண்ணா! எஸ்டிடி ஜெபம்!"

"அது செல்லுமா?" என்றார் ஆக்னஸ் ஆண்ட்டி.

"பாஸ்டர் வாயிலிருந்துதானே வருது ஆண்ட்டி?"

அவர் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார். கண்களை மூடினோம். நான் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தேன். ஆக்னஸ் ஆண்ட்டி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

பாஸ்டருக்கு அங்கே வேறு வேலையில்லை. கம்பெனியை ஆசீர்வதித்தார். கம்பெனிக்கு ப்ராஜெக்ட் அனுப்பும் தேசங்களை ஆசீர்வதித்தார். அறுபத்து நான்கு. மேனேஜரின் மனதை இளக்கும்படி கேட்டார். அறுபத்து மூன்று. ஆபீஸ் பஸ் ஓட்டுகிற டிரைவர் வரைக்கும் வந்தார். அறுபத்திரண்டு. "மேலும் ஆண்டவரே, நைட் ஷிப்டில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும்..." என்று அவர் ஆரம்பித்தபோது ஹாலே அதிர ஸ்பீக்கரில் ஒரு போலீஸ்காரரின் தெலுங்குக் குரல் வந்தது.

"ஏய் ஸ்கூட்டர்! பண்டி தீயண்டி! தீயண்டி!"

"ஆமென்!" என்றார்கள் டெனர் நால்வரும்.

"ஆமென்!" என்றது ஹால்.

"ஆமென், ஆமென்! எடுக்குறேன் சார், எடுக்குறேன்!" என்றார் பாஸ்டர்.

அறுபத்தொன்று. கரண்டியை எடுத்தேன். ஓடி ஓடிப் பரிமாறினோம். சிரித்துக்கொண்டே தின்றதில் இரண்டு பேருக்குப் புரையேறியது. பிளெசி மூன்றாம் தடவை தட்டை நீட்டி, "இந்த டெம்பரேச்சர்லயே எப்பவும் சமைங்கண்ணா," என்றாள்.

கஷ்டம் அதற்கப்புறம்தான் வந்தது. விஐபி போன பிறகு பேகம்பேட் முழுக்க வண்டிகள் சிக்கிக்கொண்டனவாம். வியர்த்து வழிந்து பாஸ்டர் வந்தபோது நாங்கள் ஒத்திகையின் கடைசியில் இருந்தோம். அடியில் கொஞ்சம் புலாவ் மிச்சம். தெர்மாமீட்டரை வைத்தேன். நாற்பது. அறுபதைவிட்டு இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. ஆக்னஸ் ஆண்ட்டி தட்டோடு வந்தார். நான் பாத்திரத்தின் மேல் கையை வைத்தேன். அது என் கைதானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

"இது வேண்டாம் ஆண்ட்டி."

"கைக்குடா? ஏன்டா வேண்டாம்? ஜெபம் பண்ணினவருக்கே சோறு இல்லையா? நல்லாத்தானே மணக்குது!"

"மணத்துல தெரியாது ஆண்ட்டி."

எல்லோரும் பாஸ்டர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தெர்மாமீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையில் இருந்த வாழைப்பழச் சீப்பைப் பார்த்தார். "நான் ஜெபத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்," என்று ஒரு பழத்தைப் பிய்த்துக்கொண்டார்.

சாயங்காலம் மேடையில் நான்காவது சரணம் வந்தது. டெனர் வரிசையில் ஒருவர் சட்டென்று அசைந்தார். எட்வர்ட் மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. அசைந்தவர் கர்சீப் எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தார். கடைசி வரி வரைக்கும் ஒருவரும் இறங்கவில்லை.

ஏழு குழுக்களில் ஐந்தாம் இடம். நடுவர் குறிப்பு: 'டெனர் குரல் தேவைக்கு மேல் ஓங்கி ஒலித்தது.' எட்வர்ட் மாமா அதைத் திரும்பத் திரும்பப் படித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு பாட்டு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வியாழக்கிழமை ப்ராக்டிஸ். லேட்டா வராதீங்க," என்றார்.

இதுவரை யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போன் செய்யவில்லை. சில கிருமிகள் ஒன்றிரண்டு நாள் கழித்தும் வேலையைக் காட்டும் என்று மேடம் சொல்லியிருப்பதால் நான் இன்னும் முழுதாகச் சந்தோஷப்படவில்லை. முக்கால்வாசி பட்டுவிட்டேன்.

நாளை: ஆபீஸ் விட்டு வரும்போது மோண்டா மார்க்கெட்டில் இன்னொரு பலகை வாங்க வேண்டும். காய்க்கு மட்டும்.