மேம்பாலச் சுவரில் பிரீத்தி

பிரீத்தி போய் ஒன்றரை வருடம் கழித்துத்தான் அந்தச் சுவரைப் பற்றிய பேச்சு வந்தது.

சூரமங்கலத்தில் மேம்பாலத்துச் சாலை இறங்கி வந்து தெருவோடு சேர்கிற இடத்தில் நீளமாக ஒரு தாங்குசுவர் உண்டு. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் வெற்றிலை எச்சிலுமாக வருடக்கணக்கில் கிடந்தது. மாநகராட்சியில் நகரத்துக்குப் பொதுக்கலைக் குழு என்று ஒன்றை அமைத்து, பகுதிக்கு ஒரு சுவர், அந்தச் சுவரில் என்ன வரைவது என்பதை அந்தந்தத் தெரு ஜனங்களே சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். குழுவில் ஓர் அதிகாரி, ஓர் ஓவிய ஆசிரியை, வியாபாரிகள் சார்பில் ஒருவர். இவர்களோடு ஒவ்வொரு பகுதியிலிருந்தும் குடியிருப்போர் இரண்டு பேர் வேண்டும் என்றபோது, சூரமங்கலத்தார் இட்லிக்கடை சின்னாயியம்மாவையும் தண்டாயுதபாணியையும் அனுப்பினார்கள்.

தண்டாயுதபாணிக்கு ஸ்டேஷன் ரோட்டில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை. அதிகம் பேசாத மனிதர். ஒரே மகள் பிரீத்தி, பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவள், அந்தச் சுவருக்கு முன்னால் ரோட்டைக் கடக்கும்போது தண்ணீர் லாரி மோதி இறந்தாள். அதற்குப் பிறகுதான் அவர் மனு எழுதும் மனிதரானார். வேகத்தடை வேண்டும் என்று ஒரு மனு, விளக்கு வேண்டும் என்று ஒரு மனு, வெள்ளைக்கோடு போடச் சொல்லி ஒரு மனு. கடையைச் சாத்திவிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வேகத்தடை வந்தது, விளக்கும் வந்தது. எல்லாம் வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை. குழுவிலிருந்து கடிதம் வந்தபோது அதை இரண்டு தரம் படித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

முதல் கூட்டம் அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூட அறையில் நடந்தது. குழுவை ஒருங்கிணைத்தவள் அனிதா, கட்டட வரைபடம் போடுகிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும். அவள்தான் பொறுமையாக விளக்கினாள். செலவில் பாதி நகர நிதி. பெயின்ட்டை வியாபாரிகள் கொடுப்பார்கள். வரைய வருகிறவர்களின் சாப்பாடும் சாரம் கட்டுவதும் தெருவின் பங்கு. சாமி படம், கட்சிக்காரர் படம், ஜாதித் தலைவர் படம் கூடாது. தனி ஆளின் உருவமும் கூடாது.

தண்டாயுதபாணி எழுந்து நின்று, தன் மகளை அந்தச் சுவரில் வரைய முடியுமா என்று கேட்டார். அனிதா அவரை உட்காரச் சொல்லி, ஒருவருக்கு அனுமதித்தால் நாளைக்கு ஊரே கேட்கும் அண்ணா, மறுக்க எங்களுக்கு வாயிருக்காது என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை என்று அவருக்கும் தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

ஆனால் ரேஷன் கடையில் வைத்த யோசனைப் பெட்டியைத் திறந்தபோது, பாதிக்கு மேல் சீட்டுகளில் ஒரே விஷயம்தான் இருந்தது. அடிபட்ட புள்ளையை வரையுங்க. ரோட்டில் போன புள்ளையை மறக்கக் கூடாது. சில சீட்டுகளில் குழந்தைகளே ஒரு பெண்ணையும் லாரியையும் வரைந்து போட்டிருந்தார்கள். தண்டாயுதபாணி யாரிடமும் போய்க் கேட்டதில்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாக அனிதா வாசிக்க வாசிக்க, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழு இரண்டு கூட்டம் பேசி ஒரு வழி கண்டுபிடித்தது. ரோட்டைக் கடக்கும் ஜனங்களை வரைவது. பூக்காரி, கொடியைச் சுருட்டிப் பிடித்த ரயில்வேக்காரர், ஜவுளி மூட்டை சுமக்கிறவர், பள்ளிப் பிள்ளைகள். நடுவில், ஒரு கையை நீட்டி வண்டிகளை நிறுத்தி, மறு கையால் ஒரு சின்னப் பெண்ணை அழைத்துக்கொண்டு வரும் ஒரு கல்லூரிப் பெண். பெயர் இருக்காது, தேதி இருக்காது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வரைய வந்தவன் யோகேஷ், ராசிபுரத்துக்காரன். அவன் ஒரு போட்டோ கேட்டான். தண்டாயுதபாணி தன் போனிலிருந்த படத்தை அனுப்பினார். மஞ்சள் சுடிதாரில், எதற்கோ சிரித்து, இடது கண் பாதி மூடிய படம். வீட்டில் கேட்கவில்லை. மனைவி கலைமணியிடம், சுவரில் ஏதோ படம் வரையப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னார். ஒரேயடியாகக் கொண்டுபோய்க் காட்டினால் அவள் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்துக்கொண்டார். அவள் அந்த ஒன்றரை வருடத்தில் ஒருநாளும் வாய்விட்டு அழுததில்லை. அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள், படுப்பாள்.

வரைந்து முடிக்க மூன்று வாரம் ஆனது. சாரத்தைச் சுற்றிச் சாக்குப்படுதா கட்டியிருந்ததால் பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த மூன்று வாரமும் தண்டாயுதபாணி காலையில் கடை திறக்கும் முன்னும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் சுவரடியில்தான் நின்றார். சின்னாயியம்மா இட்லி அனுப்பினாள். இவர் மோர் கொண்டுபோனார். முதலில் பென்சில் கோடு, பிறகு உடுப்பின் மஞ்சள், பிறகு கை. முகத்துக்கு வந்தபோது யோகேஷை நிறுத்தி, வலது புருவத்தின் நடுவில் முடி இல்லாமல் ஒரு கீறல் இருக்கும், சைக்கிளிலிருந்து விழுந்தது, போட்டோவில் தெரியாது என்றார். யோகேஷ் சாரத்திலிருந்து இறங்கி அவரிடமே பிரஷைக் கொடுத்து, எந்த இடம் என்று தொட்டுக் காட்டச் சொன்னான். அவர் ஏறிக் காட்டினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கலைமணி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

திறப்பு நாளில் நாற்காலி போட்டு, மைக் வைத்து, சுவருக்கு முன்னால் துணி கட்டியிருந்தார்கள். கலைமணியை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அவளுக்கு எதற்கென்றே புரியவில்லை. அதிகாரி கயிற்றை இழுத்ததும் துணி சரிந்தது. தெரு முழுக்கக் கை தட்டியது. சின்னாயியம்மா அழுதேவிட்டாள். தண்டாயுதபாணி மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். எழுந்தாள்.

"யாரக் கேட்டு இதச் செஞ்சீங்க?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. யாருக்காகவும் நிற்காமல் வீட்டுக்கு நடந்து போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் அந்தப் பஸ் நிறுத்தத்துக்குப் போவதில்லை. ரயில்வே குடியிருப்பைச் சுற்றி, இரண்டு கிலோமீட்டர் நடந்து அடுத்த நிறுத்தத்தில் ஏறினாள். காய்கறிச் சந்தைக்குப் போவது நின்றது. கோயிலுக்குப் போவது நின்றது. பத்து நாளில் கிளினிக் வேலையையும் விட்டுவிட்டாள். தண்டாயுதபாணி கேட்டுக் கேட்டுப் பார்த்தார். கெஞ்சினார். ஒரு தடவை கோபப்பட்டும் பார்த்தார், ஊரே கும்பிடுகிறது, பெற்றவளுக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று. அந்த வார்த்தைக்குத்தான் அவள் வாயைத் திறந்தாள். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைக்காமலே வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் பஸ் ஸ்டாப்புல நின்னனுங்க. அவ செவத்துப் பக்கமா போன் பேசிட்டு நின்னா. பஸ் திரும்பறது தெரிஞ்சுது. சீக்கிரமா வா கண்ணுன்னு நாந்தான் கூப்பிட்டேன். நாங் கூப்பிட்டதுக்குத்தான் அவ பாக்காம ஓடியாந்தா."

தண்டாயுதபாணிக்கு இது தெரியாது. விபத்து நடந்து பத்து நிமிடம் கழித்துத்தான் அவர் கடையிலிருந்து ஓடி வந்தார். கூட இருந்தாள் என்று தெரியும். கூப்பிட்டாள் என்று தெரியாது. போலீஸ்காரரிடமும் அவள் சொல்லவில்லை, தன் அம்மாவிடமும் சொல்லவில்லை.

"இப்ப நீங்க அவள அதே எடத்துல நிக்க வெச்சுட்டீங்க. நான் ஸ்டாப்புல போய் நின்னா என்னையப் பாத்து ஓடியாற மாதிரியே நிக்கறா. தெனமும் எப்படீங்க நான் அவளக் கூப்புடுவேன்?"

அவர் அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். நீ கூப்பிட்டதால் இல்லை, லாரிக்காரன் வந்த வேகம் என்று சொன்னார். வேறு என்னென்னவோ சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எதையும் அவள் வாங்கிக்கொள்ளவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு மனுவோடு போனார். அவர் எழுதிய மனுக்களிலேயே சின்னது அதுதான். சுவரிலுள்ள படத்தை அழித்துத் தர வேண்டுகிறேன் என்று ஒரு வரி. அனிதா அதைப் படித்துவிட்டு, தவறான காகிதத்தைக் கொடுத்துவிட்டாரோ என்று அவரை நிமிர்ந்து பார்த்தாள். காரணம் கேட்டார்கள். அவரால் சொல்ல முடியவில்லை. அது கலைமணியின் காரணம். வீட்டில் கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். வரைந்த படம் ஐந்து வருடம் இருக்க வேண்டும், மாற்றுவதென்றால் சீட்டு எழுதிய தெருவே ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதனால் தெருவைக் கூட்டினார்கள்.

தெருவில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும் முன்பு அந்த நீட்டிய கையைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள் என்றார்கள். பெயர் போடாததால் இவருக்கு வருத்தமோ என்று ஒருவர் பின்னாலிருந்து சொன்னது அவர் காதில் விழுந்தது. சின்னாயியம்மா கிட்டே வந்து நின்றாள்.

"அந்தப் புள்ளயப் பாத்துத்தான் சாமி லாரிக்காரனெல்லாம் மெதுவாப் போறான். உன்ற மக இன்னிக்கு எத்தன புள்ளைகளக் காப்பாத்தறா. அவள மறுபடியும் அழிக்கச் சொல்றயே."

முதல் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டவர் அவர்தான். தெரு தன் மகளுக்காகப் பேசியபோது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதவரும் அவர்தான். இப்போது அதே தெருவுக்கு முன்னால் நன்றிகெட்டவராக நிற்க வேண்டியிருந்தது. அனிதா அவருடைய முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காரணம் தெரியாமலே அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். படம் இருக்கட்டும், முகத்தை மட்டும் வேறு முகமாக மாற்றுவோம், தனி ஆளின் உருவம் கூடாது என்பது நம் விதிதானே, அதை நாம்தான் கண்டுகொள்ளாமல் விட்டோம் என்று எடுத்துச் சொன்னாள். அரைமனதாக எல்லோரும் தலையாட்டினார்கள்.

யோகேஷ் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தான். வர வேண்டாம் அண்ணா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போனிலேயே சொல்லியிருந்தான். ஆனாலும் தண்டாயுதபாணி போனார். ஆஸ்பத்திரியில் கடைசியாக முகத்தை மூடியபோது அவர் வெளியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இதற்காவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. யோகேஷ் முதலில் வெள்ளை அடித்தான். சிரிப்பு போனது, பாதி மூடிய கண் போனது, புருவம் போனது. கழுத்துக்கு மேலே கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பெயின்ட் காயும்வரை இரண்டு பேரும் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவன் ஒரு முகம் வரைந்தான். நல்ல முகம். எந்த ஊரிலும் எந்தப் பஸ்ஸிலும் பார்க்கக்கூடிய ஒரு பெண்ணின் முகம்.

நான்கு நாள் கழித்து கலைமணி தானாகவே புடவை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பினாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. அரைமணி நேரத்தில் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அது ஆரோ ஒரு புள்ளைங்க," என்றாள்.

"ஆமா கலை. மாத்தியாச்சு. இனி நீ பயமில்லாமப் போலாம்."

"எனக்குத்தான பாக்க முடியல. ஊரு பாத்துட்டு இருந்துச்சு. தெனமும் நூறு பேரு அவ மூஞ்சியப் பாத்தாங்க. இப்ப ஆருமே பாக்கறதில்ல. அவள அங்கிருந்தும் நாந்தானுங்க போகச் சொல்லிட்டேன்."

அன்றைக்குத்தான் அவள் அழுதாள். ஒன்றரை வருடத்து அழுகை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து, தண்டாயுதபாணி கையை அசைத்ததும் திரும்பிப் போனார்கள். அவளை மடியில் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். எதைச் செய்தாலும் அவளுக்கு வலிக்கிறது, எதைச் செய்யாமல் விட்டாலும் வலிக்கிறது என்பதை அவர் அன்றைக்கு முழுசாகத் தெரிந்துகொண்டார்.

அவள் அழுது ஓய்ந்து தூங்கிய பிறகு யோகேஷுக்குப் போன் போட்டார். பழைய முகத்தைத் திரும்ப வரைய முடியுமா என்று, கேட்கக் கூடாது என்று தெரிந்தேதான் கேட்டார்.

"வரையலாமுங்கண்ணா. போட்டோ எங்கிட்டத்தான் இருக்குது. ஆனா அதே மாதிரி வராதுங்க. அன்னிக்கு நீங்க பக்கத்துல நின்னு சிரிச்சுட்டே சொன்னீங்க. அதுல வந்த மூஞ்சிங்க அது."

வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தார்.

அடுத்த சுவர் அயோத்தியாப்பட்டணத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு வரச் சொல்லி அனிதா கடிதம் அனுப்பியிருந்தாள். தன்னால் இனி வர முடியாது என்று அவர் பதில் எழுதினார். தெருவைக் கேட்கும் முன்னால், துக்கம் யார் வீட்டினுடையதோ அந்த வீட்டில் இருக்கிற எல்லோரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள் என்று அடியில் இரண்டு வரி சேர்த்தார். கையெழுத்துப் போட்டு, கடைக்குப் போகும் வழியில் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.