உட்கார்ந்து பார்க்காத வண்டி

பவுல்ராஜ் வலப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தான். எதிரே ஸ்டியரிங் இல்லை. வேறொரு நாளாக இருந்தால் ஏலக்காய் ஸ்டோர் வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்திருப்பார்கள். அவனே முதலில் சிரித்திருப்பான். இப்போது யாரும் சிரிக்கவில்லை. "இந்தப் பக்கம் பவுலு. ஜெர்மன்காரன் வண்டில்ல," என்று பெரியமுத்து முதலாளி இடப்பக்கக் கதவைத் தானே திறந்துவிட்டார். பெண்டாட்டி செத்தவனிடம் ஊரே கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் தணிந்து பேசும். அவன் இறங்கிச் சுற்றி வந்தான். அவன் எழுந்த சீட்டில் அவன் பெண்டாட்டி அன்னாளின் அக்கா இருதயம்மாள் மடியில் துணிப்பையோடு ஏறிக்கொண்டாள். தங்கச்சியின் முப்பதாம் நாள் பூசைக்குப் போடியிலிருந்து வந்தவள். இன்றைக்குப் பஸ் ஓடவில்லை. முதலாளியின் வண்டி போடி வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது, அவருடைய டிரைவர் காய்ச்சலில் கிடந்தான். அதனால் இந்த ஏற்பாடு.

சாந்தன்பாறை டீக்கடையில் ஒரு வருஷமாக இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சி இந்த ஜெர்மன் வண்டிக்கு. மெட்ராஸில் ஏதோ தூதரகத்துக்காரர் விற்றுவிட்டுப் போனதை முதலாளி வாங்கி மலையேற்றியிருந்தார். பின்னால் எஞ்சின், முன்னால் டிக்கி; ஆக்சிலேட்டரில் கால் பட்டால் போதும், அடுத்த வளைவில் போய் நிற்கும் என்பார்கள். இன்னொரு கட்சி பவுல்ராஜின் வண்டிக்கு. அவன் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். கப்பலேறிய கடைசித் துரை, எஞ்சின் செத்துப்போன தன் ரெண்டு சீட்டு எம்.ஜி. காரை அவனிடம் விட்டுப் போனார். பவுல்ராஜ் அதற்கு அம்பாசிடர் எஞ்சினைப் பொருத்தினான். பாதையில் துருத்திய கல் அடிவயிற்றில் இடிக்காதபடி ஜீப்பின் ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்து உயர்த்தினான். உயர்த்தியதில் வேகம் போயிற்று, வளைவுக்கு வளைவு ஆடவும் செய்தது. அவன் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டான்.

அன்னாளுக்கு மலை வளைவுகளில் தலை சுற்றும், படுத்துக்கொண்டால் சுற்றாது. அவளுக்காக சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவிலிருந்த தகரத்தை அறுத்து, கதவுக் கீல் வைத்து, சீட்டைப் பின்னால் சாய்க்கும்படி செய்தான். தவக்காலம் முழுக்க அந்த வேலைதான். அவள் அதில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி போடிக்குப் போவாள். மகாராணி போகுது என்று எஸ்டேட் லயத்துப் பெண்கள் கேலி பேசுவார்கள். முதலாளி புது வண்டியை ஊருக்குள் கொண்டுவந்த அன்று, "ஏறி உக்காந்து பாரு பவுலு," என்றார். "கையெல்லாம் கிரீஸ் மொதலாளி," என்று தள்ளியே நின்றான். கையில் கிரீஸ் இல்லை. பொறாமைதான், வேறொன்றுமில்லை.

பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை என்று மருத்துவச்சி கையை விரித்த மத்தியானம், பெரியமுத்து தானே வண்டியை லயத்து முக்குவரை ஓட்டிவந்து நிறுத்தினார். பவுல்ராஜ் வேண்டாம் என்றான். "அதுல படுக்க முடியாது மொதலாளி. என் வண்டில படுத்துட்டே போயிருவா." வண்டி விஷயத்தில் ஃபிட்டரின் பேச்சை முதலாளிகூட மறுக்கவில்லை. அவன் வண்டி வழியில் எங்கும் நிற்கவில்லை, மக்கர் செய்யவில்லை, அதன் வேகத்தில் ஒழுங்காகத்தான் போனது. போடிமெட்டுக்குக் கீழே, சமவெளி தெரிகிற ஒரு வளைவில் அன்னாளின் கை குளிர்ந்தது. பிள்ளையும் தங்கவில்லை. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அவன் ஒரே பதில்தான் சொன்னான். சாமியாருக்கும், மாமியாருக்கும், கல்லறைத் தோட்டத்தில் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிய இருதயம்மாளுக்கும். "அதுல படுக்க முடியாது மதினி." அவள் பிடியை விட்டாள். நியாயந்தானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தப் பதிலை ஊன்றிக்கொண்டுதான் சாப்பிட்டான், ஷிப்டுக்குப் போனான், தூங்கவும் செய்தான். மற்றபடி சம்மணமிட்டு மரத்த கால் மாதிரி இருந்தது உடம்பு. அழுகைகூட வரவில்லை. வராததைப் பற்றிக் கவலையும் இல்லை.

பூப்பாறை தாண்டியதும் ஏற்றம். வண்டி சத்தமே இல்லாமல் ஏறியது. அவன் கியர் மாற்றுவதற்குள் வளைவு முடிந்துபோனது. நல்ல வண்டி என்று கைகள் சொல்லின. அவன் கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான். இருதயம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தலைசுற்றல் அவர்கள் குடும்பத்துக்கே உண்டு. அடுத்த வளைவில் பிடிமானம் தேடிச் சீட்டின் ஓரத்தைத் துழாவினாள். ஏதோ அகப்பட, அதைப் பிடித்து இழுத்தாள். சீட்டின் முதுகு அப்படியே பின்னால் போனது, அவளும் அதோடு மல்லாந்தாள்.

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"தம்பி, இது படுக்குது," என்றாள் இருதயம்மாள்.

அவன் இறங்கி அவள் பக்கக் கதவைத் திறந்து குனிந்தான். விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கைப்பிடி. ஃபிட்டரின் கை தானாக அதைத் தூக்கியது, விட்டது, மறுபடி தூக்கியது. எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. காலை நீட்டி ஒரு ஆள் படுக்கலாம். அவன் அறுத்த தகரத்தைவிட, வைத்த கீலைவிட நன்றாகவே இருந்தது. தேயிலைச் சரிவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது மதினி."

"உள்ள உக்காந்துகூடப் பாக்கலையா நீ?"

"இல்ல."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவள் துணிப்பையை மட்டும் வயிற்றின் மேல் சரியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நிமித்தி விடட்டா?"

"வேண்டாம். ஓட்டு."

அவன் ஓட்டினான். எவ்வளவு மெதுவாக ஓட்ட நினைத்தும் வண்டி அவனுக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. வளைவுகளில் அவள் தலை லேசாக அவன் தோள் பக்கம் உருண்டு திரும்பிப் போவது மட்டும் தெரிந்தது.

போடிமெட்டு செக்போஸ்டில் அரிசி லாரி ஒன்று குறுக்கே நின்றது. கடத்தல் அரிசியைத் தேடி மூட்டை குத்தும் கம்பியோடு காவல்காரன் ஒருவன் இவர்களிடம் வந்தான். ஜன்னலில் குனிந்தவன், வாயில் துணியும் வயிற்றில் கையுமாகப் படுத்திருந்தவளைப் பார்த்ததும் கம்பியைக் கீழே போட்டான்.

"ஆஸ்பத்திரிக்கோ?"

பவுல்ராஜ் ஸ்டியரிங்கைப் பார்த்தான். பக்கத்தில் இருதயம்மாள் கண்ணை மூடவுமில்லை, எழுந்திருக்கவுமில்லை.

"ஆமா சார்," என்றான்.

காவல்காரன் லாரிக்காரனைக் கத்தி விரட்டிக்கொண்டே ஓடினான். தடுப்புக் கம்பத்தைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வேகம், வேகம்," என்று நின்றான்.